நான் போட்ட பச்சை 'டிக்'

"பிளஸ் டூ படிச்சிட்டு இருபத்திரண்டு வருஷமா வீட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவளுக்கு, சாஃப்ட்வேர் கம்பெனியில என்ன வேலை?"

இப்படிக் கேட்டவர் வேறு யாருமில்லை, என் கணவர்தான். கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் நியாயமான கேள்வி. எனக்கே அன்று அதற்குப் பதில் தெரியவில்லை.

2023-ம் வருஷம் ஜூன் மாதம். பாப்பா கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். சிங்காநல்லூர் வீட்டில் நான், இவர், என் மாமியார் மூன்றே பேர். மதியம் இரண்டு மணிக்கு மேல் வீடு 'ஓ'வென்று இருக்கும். அப்போதுதான் என் தம்பி வந்து நின்றான். பீளமேட்டில் ஒரு வீட்டு மாடியில், எட்டுப் பேரை வைத்துச் சின்னதாகக் கம்பெனி நடத்துகிறான். வயதானவர்களுக்கு வேளாவேளைக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தும் ஓர் 'ஆப்' தயார் செய்துகொண்டிருந்தார்கள், எல்லாம் தமிழில்.

"அக்கா, எங்க பசங்களுக்கு இருபத்தஞ்சு வயசு. அவங்க யாரும் தினம் மாத்திரை போடுறதில்லை. நீங்க அத்தைக்கு எட்டு வருஷமா மாத்திரை எடுத்துக் குடுக்கறீங்க. நீங்க வந்து சோதிச்சுப் பாருங்க. மத்தியானம் ரெண்டு மணி நேரம் போதும், சம்பளமும் உண்டு" என்றான்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதேடா!"

"தெரியாததுதான் வேணும்" என்று சிரித்தான்.

சாஃப்ட்வேரை எழுதுவது ஒரு வேலை என்றால், எழுதியது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலையாம். அதற்கு 'டெஸ்டிங்' என்று பெயர். முறுக்கு மாவு பிசைந்ததும் ஒன்றைப் பிழிந்து எண்ணெயில் போட்டுப் பார்க்கிறோமே, அதுதான். ஆனால் இங்கே பார்க்க வேண்டிய 'முறுக்கு' நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை, எது சரி, எது தப்பு, யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்று கணக்கு வைக்காவிட்டால் குழப்பம்தான்.

எக்ஸெல் நாட்கள்

நான் போன புதிதில் அந்தக் கணக்கை எக்ஸெல் தாளில்தான் வைத்திருந்தார்கள். முதல் பத்தியில் என்ன செய்ய வேண்டும், இரண்டாவதில் என்ன வர வேண்டும், மூன்றாவதில் வந்ததா இல்லையா. பால் கணக்குக் காலண்டர் மாதிரி இருந்ததால் எனக்கு அது பிடித்துப் போயிற்று. இரண்டே நாளில் பழகிவிட்டது.

ஆனால் ஒரே காலண்டரை நாலு பேர் நாலு வீட்டில் வைத்துக்கொண்டு கணக்கு எழுதினால் எப்படியிருக்கும்? அதுதான் நடந்தது. 'டெஸ்ட் கடைசி' என்று ஒரு தாள், 'டெஸ்ட் கடைசி புதுசு' என்று இன்னொன்று, 'டெஸ்ட் நிஜமான கடைசி' என்று மூன்றாவது! நான் ஒன்றில் தப்பு என்று எழுதி வைத்தால், இன்னொரு பையன் வேறொன்றைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கே அக்கா" என்பான். ஒருநாள் முழுக்க நான் பார்த்ததையே அவனும் பார்த்தான். இருவரும் பார்க்காதது அப்படியே கிடந்தது.

கடைசியில் தம்பி, "இதுக்குன்னே இருக்கிற டூல் ஒண்ணு போட்டுடலாம்" என்றான். 'டெஸ்ட் மேனேஜ்மென்ட் டூல்' என்று அதற்குப் பெயர். சோதனைகளை எழுதி வைக்க, ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்க, முடிவைப் பதிய, கணக்குப் பார்க்க ஒரே இடம். டெஸ்ட்லிங்க் என்று ஒன்று, அது இலவசம். டெஸ்ட்ரெயில் என்று ஒன்று. அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஜிரா என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியின் சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்ய எக்ஸ்ரே, ஸெஃபிர் என்று சில. 'எக்ஸ்ரே எடுக்கலாமா?' என்று பையன்கள் பேசிக்கொண்டபோது யாருக்கோ கையோ காலோ உடைந்துவிட்டது என்று நான் பதறியது தனிக்கதை!

தம்பி முன்பு சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தபோது குவாலிட்டி சென்டர் என்ற ஒன்றை உபயோகித்தானாம். அது மெர்க்குரி என்ற கம்பெனியில் டெஸ்ட் டைரக்டர் என்ற பெயரில் பிறந்து, 2006-ல் எச்.பி.க்குப் போய், 2017-ல் மைக்ரோ ஃபோகஸுக்கும் 2023-ல் ஓப்பன்டெக்ஸ்டுக்கும் கைமாறியதாம். "நாங்களாவது ஒரு தடவைதான் வீடு மாறுகிறோம்" என்றேன்.

நாங்கள் எதை எடுத்துக்கொண்டோம் என்று நான் சொல்லப்போவதில்லை. குணத்தில் எல்லாம் ஒரே குடும்பம்தான். ஜாடைகள்தான் வேறு வேறு.

உப்பு கரித்ததா, காஸ் தீர்ந்ததா?

முதல் நாள் அதைத் திறந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரை முழுக்க ஆங்கிலம். இடது பக்கம் மரக்கிளை மாதிரி தலைப்புகள், வலது பக்கம் நிரப்பச் சொல்லி இருபது கட்டங்கள். எக்ஸெல் தாளே தேவலை என்றிருந்தது. ஒரு நாள் அரைப் பக்கம் சிரமப்பட்டுத் தட்டியிருப்பேன், காலிங்பெல் அடித்ததென்று எழுந்து போய்வந்தால், 'மறுபடி பாஸ்வேர்டு போடு' என்று நிற்கிறது. தட்டியது அத்தனையும் போச்சு! அதிலிருந்து எதையும் முதலில் நோட்டில் எழுதிக்கொண்டு பிறகுதான் அதில் ஏற்றுவேன். இந்த வழக்கம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

பாப்பாதான் போனில் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, இருபது கட்டத்தையும் பார்க்காதே. நாலே நாலைப் பார். தலைப்பு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்ன தயாரா இருக்கணும், ஒவ்வொரு படியா என்ன செய்யணும், கடைசியில என்ன வரணும்."

அட, சமையல் குறிப்பு! இவ்வளவுதானா என்று தெம்பு வந்தது. இப்படி எழுதி வைத்த ஒவ்வொரு குறிப்புக்கும் 'டெஸ்ட் கேஸ்' என்று பெயர். புதிதாக ஒவ்வொரு முறை ஆப் மாறும்போதும் தேவையான கேஸ்களைப் பொறுக்கி எடுத்து ஒரு சுற்று வருவதற்கு 'டெஸ்ட் ரன்'. ஒவ்வொன்றையும் செய்து பார்த்து முடிவைப் போட வேண்டும். சரியென்றால் 'பாஸ்', பச்சை நிறம். தப்பென்றால் 'ஃபெயில்', சிவப்பு. பார்க்கவே இல்லையென்றால் 'அன்டெஸ்டட்', சாம்பல் நிறம். 'பிளாக்டு' என்று இன்னொன்று. இதற்கும் ஃபெயிலுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு வெகுநாள் குழப்பம். சாம்பாரில் உப்பு கரித்தால் ஃபெயில். காஸ் தீர்ந்து சாம்பாரே வைக்க முடியாமல் போனால் பிளாக்டு. இப்படி நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கம்பெனிக்குப் புதிதாக வரும் பையன்களுக்கும் இப்போது இதைத்தான் சொல்கிறார்கள்!

நான் போட்ட முதல் சிவப்பு எது தெரியுமா? மாத்திரையை விழுங்கியபின் அழுத்த வேண்டிய பட்டனில் 'உட்கொள்ளப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். 'எங்க அத்தைக்கு இது புரியாது' என்று ஃபெயில் போட்டேன். 'சாப்பிட்டாச்சு' என்று மாற்றினார்கள். மறுபடி ஃபெயில். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இட்லி சாப்பிட்டாச்சான்னு கேக்குதா, மாத்திரையைக் கேக்குதா?" என்றாரே! கடைசியில் 'மாத்திரை போட்டாச்சு' என்று ஆனபின்தான் பச்சை. அன்றைக்கு எனக்கிருந்த பெருமையைக் கேட்காதீர்கள்.

'என் போன்ல வருதே!'

ஆனால் எல்லாச் சிவப்பையும் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'அலாரம் சரியா அடிக்கலை' என்று எழுதி ஃபெயில் போட்டால், "என் போன்ல அடிக்குதே அக்கா" என்று எழுதி எனக்கே திருப்பி அனுப்பிவிடுவான் அந்த ஆப்பை எழுதிய பையன். எனக்கு ரோஷம் வரும். நான் என்ன பொய்யா சொல்கிறேன்?

அப்போது தம்பி ஒரு சம்பவம் சொன்னான். கனடாவில் தயாரான தெராக்-25 என்று ஒரு இயந்திரம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பது. 1985-லிருந்து 1987-க்குள் குறைந்தது ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. சிலர் இறந்தே போனார்கள். அதன் சாஃப்ட்வேரில் பிழை இருந்தது. அதற்கு முந்தைய இயந்திரங்களில் இருந்த தனிப் பாதுகாப்பு அமைப்பையும் இதில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

1986-ல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில் இது நடந்தபோது, தயாரித்தவர்களால் பிழையை வரவழைத்துக் காட்ட முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் இயற்பியல் நிபுணரும், இயந்திரத்தை இயக்கிய பெண்மணியும்தான் உட்கார்ந்து, அன்று என்னென்ன எந்த வரிசையில் தட்டினோம் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். விஷயம் வேகத்தில் இருந்தது! தப்பாக அடித்ததை எட்டு விநாடிக்குள் திருத்திவிட்டால், திருத்தியதை இயந்திரம் முழுதாக ஏற்றுக்கொள்வதில்லை. நிதானமாக அடித்துப் பார்த்தவர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. கை பழகிய அந்தப் பெண்மணிக்கு மட்டுமே பட்டது.

"அதனாலதான் அக்கா சொல்றேன், 'சரியா வரலை'ன்னு எழுதாதீங்க. என்ன போன், எத்தனை மணி, எதை முதல்ல அழுத்தினீங்க, எதை அப்புறம் அழுத்தினீங்க, எவ்வளவு நேரம் விட்டு அழுத்தினீங்க, எல்லாம் எழுதுங்க" என்றான்.

அப்படி எழுத ஆரம்பித்தபின், திரையையும் படம் பிடித்துக் கூடவே ஒட்ட ஆரம்பித்தபின், என் சிவப்புகள் திரும்பி வருவது நின்றுபோனது.

அந்த வெள்ளிக்கிழமை

இனிமேல் சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் அதுவும் ஒரு பொய்தான் என்று பட்டதால் எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் பத்து வீடுகளுக்கு அந்த ஆப்பை வெள்ளோட்டமாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று. எங்கள் வீடும் அதில் ஒன்று. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசி ரன். மொத்தம் 140 கேஸ். இந்த டூலில் ஒரு வட்டப்படம் வரும். எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு, எத்தனை சாம்பல் என்று காட்டும். அதைப் பெரிய திரையில் போட்டு வைத்திருந்தார்கள். மூன்றே முக்காலுக்கு வட்டம் முழுக்கப் பச்சை, ஓரத்தில் மட்டும் ஈர்க்குச்சி மாதிரி ஒரு சாம்பல் கீற்று. பாக்கியிருந்தவை என் பெயரில் இருந்தவை.

அதில் ஒன்று இப்படி இருந்தது: மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கும். அப்போது கை வேலையாக இருந்தால் 'பிறகு ஞாபகப்படுத்து' என்று அழுத்தலாம். அரை மணி கழித்து மறுபடி அடிக்கும். ஒருவேளை நடுவிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு 'மாத்திரை போட்டாச்சு' என்று அழுத்திவிட்டால், அப்புறம் மணி அடிக்கக்கூடாது. இதைச் சோதிக்க என்ன வேண்டும்? அரை மணி நேரம் சும்மா காத்திருக்க வேண்டும்.

எனக்கு நாலேகாலுக்கு பஸ். ஐந்து மணிக்கு அத்தைக்கு டீ. பையன்கள் வேறு, "அக்கா, உங்களுதுதான் பாக்கி" என்று திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். இதே கேஸ் போன இரண்டு ரன்னிலும் பாஸ் ஆனது. நானே காத்திருந்து பார்த்ததுதான். இந்தத் தடவை மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது?

பாஸ் என்று அழுத்தினேன். கீற்று பச்சையாகிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். போண்டா வாங்கி வந்தார்கள். நானும் ஒன்று சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பன்னிரண்டாம் நாள்

வெள்ளோட்டம் ஆரம்பித்துப் பன்னிரண்டாவது நாள் காலை. பதினோரு மணி இருக்கும். அத்தை கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஏதோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். எட்டிப் பார்த்தால் முகமெல்லாம் வியர்வை, கை வெடவெடவென்று நடுங்குகிறது. "என்னமோ பண்ணுது கண்ணு" என்றார்.

சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மெஷினை எடுத்து ஒரு சொட்டு ரத்தம் பார்த்தேன். 52. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, நினைவு இருந்ததால் மெதுவாகக் குடிக்க வைத்தேன். (நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். நேரே ஆஸ்பத்திரிதான்.) கால் மணி கழித்து மறுபடி பார்த்தேன். 66. இன்னொரு முறை கொடுத்தேன். தெளிவு வந்ததும் இரண்டு பிஸ்கட் கொடுத்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"கிளிமிபிரைடு எத்தனை போட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுதான் டாக்டர்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அத்தைதான் மெல்லச் சொன்னார். "ரெண்டு போட்டேன் கண்ணு. குளிச்சிட்டிருந்தப்ப மணி அடிச்சுது. அப்புறம்னு அழுத்தினேன். வந்ததும் ஒண்ணு போட்டுட்டு, போட்டாச்சுன்னும் அழுத்தினேன். இட்லி சாப்பிட்டப்புறம் திரும்ப அடிச்சுது. அது இன்னொரு மாத்திரை போல இருக்குன்னு…"

எனக்குத் தலை சுற்றியது.

அந்த வகை மாத்திரை இரண்டு மடங்காகிவிட்டால், சர்க்கரையை ஒரு தடவை ஏற்றிவிட்டாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாமாம். அதனால் மறுநாள் காலை வரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் குளுக்கோஸ் ஏற்றி, மணிக்கொரு தரம் பார்த்தார்கள். கடவுள் புண்ணியம், நல்லபடியாக வீடு திரும்பினார். சர்க்கரை இன்னும் இறங்கியிருந்தால், நான் அன்றைக்குப் பார்த்துக் கடைக்குப் போயிருந்தால் என்று இன்றும் ராத்திரியில் நினைப்பு வரும்.

என் பெயர், என் நேரம்

ஆஸ்பத்திரியிலிருந்தே தம்பிக்குப் போன் செய்தேன். அவன் முதலில் செய்த காரியம், மற்ற ஒன்பது வீட்டுக்கும் தானே போன் போட்டு, "இன்னிலிருந்து அந்த ஆப்பை நம்பாதீங்க, எடுத்துடுங்க" என்று சொன்னது. நல்லவேளை, அங்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த மாடிக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. தம்பி டூலைத் திறந்து அந்தக் கேஸைத் தேடி எடுத்தான். பிப்ரவரி, வெள்ளிக்கிழமை, பாஸ். பக்கத்தில் என் பெயர். நேரம் 3.52. அதற்கு முந்தைய கேஸுக்கும் நான்தான் பாஸ் போட்டிருந்தேன். அதன் நேரம் 3.51.

அரை மணி காத்திருக்க வேண்டிய சோதனை, ஒரே நிமிஷத்தில் முடிந்திருந்தது!

அத்தனை பேர் நடுவில், "நான் பார்க்கலைடா. பார்க்காமலே போட்டேன்" என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

ஆப்பை எழுதிய பையன்தான் முதலில் பேசினான். "அக்கா, அந்த வாரம் 'பிறகு' பட்டனை நான் மாத்தி எழுதினேன். அது புதுசா ஒரு அலாரம் வைக்குது. 'போட்டாச்சு' அழுத்தினா பழைய அலாரம் மட்டும்தான் நிக்குது. மாத்தினதை யார்கிட்டயும் நான் சொல்லலை."

"அரை மணி காக்க வேண்டிய கேஸை வெள்ளிக்கிழமை சாயந்தரம் உங்க தலையில கட்டினதும், எப்படா பச்சை ஆகும்னு எல்லாரும் வட்டத்தையே பார்த்துக்கிட்டு நின்னதும் என் தப்பு" என்றான் தம்பி.

அவர்கள் அப்படிச் சொன்னது பெருந்தன்மை. ஆனால் 'பாஸ்' என்று அழுத்தியது என் விரல். இவரிடமும் மறைக்காமல் சொன்னேன். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அத்தையிடம் மன்னிப்புக் கேட்டபோது, "மணி அடிச்சாப் போடுன்னு நீ சொன்னே, போட்டேன். நீ என்ன வேணும்னா பண்ணினே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

பிறகு என்ன மாறியது?

வேலையை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அத்தைதான் விடவில்லை. "நீ போகலைன்னா வேற யாரு என் மாதிரி கிழவிக்காகப் பார்ப்பாங்க?" என்றார். போனேன். சில வழக்கங்களை மாற்றிக்கொண்டோம்.

காத்திருக்க வேண்டிய கேஸ்களைத் தனியே ஒரு தலைப்பின் கீழ் பிரித்து, காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். சோதனைக்காக அரை மணியை இரண்டு நிமிஷமாகச் சுருக்கியும் பார்க்கிறோம். வெளியில் கொடுப்பதற்கு முன் ஒரு தடவையாவது முழு அரை மணியும் காத்திருக்கிறோம்.

பாஸ் போடும்போது என்ன பார்த்தோம் என்று ஒரு வரி எழுதி, ஒரு படமும் ஒட்டுகிறோம். முன்பெல்லாம் ஃபெயிலுக்குத்தான் படம். பார்க்காததற்குப் படம் ஒட்ட முடியாதல்லவா?

பத்துக் கேஸ்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே சமயத்தில் பாஸ் போடும் வசதி அந்த டூலில் இருக்கிறது. அதை நாங்கள் தொடுவதில்லை.

எழுதுகிற பையன்கள் எதை மாற்றினாலும் அதற்குச் சம்பந்தப்பட்ட கேஸ்களில் 'ரீடெஸ்ட்' என்று போட்டுவிட வேண்டும். 'போன தடவை பாஸ்' என்ற பேச்சே கூடாது.

நேரமில்லாமல் பாக்கியானதை 'அன்டெஸ்டட்' என்று சாம்பலாகவே விட்டுவிடுகிறோம். அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்து எனக்கு இப்போது வெட்கமில்லை. இன்னும் பார்க்கவில்லை என்று அது உண்மையைச் சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் தம்பி ஒருமுறை வெளியீட்டையே மூன்று நாள் தள்ளிப் போட்டான்.

புதிதாக நானே பதினேழு கேஸ் எழுதிச் சேர்த்தேன். எல்லாம் அத்தை செய்வதைப் பார்த்து எழுதியவை. கண்ணாடி போடாமல் அழுத்தினால் என்ன ஆகும், ஈரக் கையோடு இரண்டு தடவை பட்டால் என்ன ஆகும், பேரன் போனை எடுத்து விளையாடினால் என்ன ஆகும்… இப்போது ஒரே வேளைக்கு இரண்டாம் முறை 'போட்டாச்சு' அழுத்தினால், 'இந்த மாத்திரையை 7.40-க்கே போட்டாச்சு' என்று ஆப் சொல்கிறது. ஏழாவது ரன்னில்தான் அது பச்சையானது. ஏழு தடவையும் நான் உட்கார்ந்து பார்த்தேன்.

டூலைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், நல்ல பொருள்தான். அது இல்லாவிட்டால் எந்தக் கேஸ், எந்த நாள், எத்தனை மணி என்று அன்றைக்குக் கண்டுபிடித்திருக்க முடியாது. மூன்று 'கடைசி' தாள்களுக்கும் நடுவில் என் தப்பு காணாமலே போயிருக்கும். ஆனால் நாம் எழுதிக் கொடுப்பதைத்தான் அது பத்திரமாக வைத்துக்கொள்ளும். நான் பார்த்தேனா என்று அதற்குத் தெரியாது.

வீட்டிலும் சில மாற்றங்கள். ஏழு நாள், மூன்று வேளை என்று அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே நிரப்பி வைக்கிறேன். மணி அடித்தாலும் அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம். சர்க்கரை டப்பாவும், மெஷினும், டாக்டர் போன் நம்பரும் ஒரே அலமாரியில். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் என்றால் உடனே சர்க்கரை பார்க்க வேண்டும் என்று இவருக்கும், விடுமுறைக்கு வரும் பாப்பாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சகோதரிகளே, காஸ் பதிவு, பள்ளிக்கூட ஃபீஸ், பாங்க் கணக்கு என்று நம் எல்லாருடைய கையிலும் இன்று ஏதோ ஒரு ஆப் இருக்கிறது. அது தப்பாக நடந்தால், 'நமக்குத்தான் உபயோகிக்கத் தெரியவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். எதை அழுத்தினீர்கள், என்ன வந்தது, எத்தனை மணி என்று எழுதி அனுப்புங்கள். எங்கேயோ ஒரு மாடியில் யாரோ ஒருவர் பார்க்காமல் பச்சை போட்டிருக்கலாம்.

போன வாரம் இவர் என்னிடம், "இன்னிக்கு வீட்டுக் கேட்டைப் பூட்டினியா?" என்று கேட்டார். "பூட்டினேன்" என்று வாய் வரை வந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன்.